தடைப்பாதைப் பயிற்சி: வடசென்னைக் குழந்தைகளின் உடலியக்கக் கல்வி வரலாறு

தடைப்பாதை என்பது ஏறுதல், இறங்குதல், குனிந்து நுழைதல், தாவுதல், கோட்டின்மேல் நடத்தல், தவழ்தல் போன்ற செயல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து குழந்தை கடக்கும்படி பொருள்களை வரிசையாக வைத்து அமைக்கும் விளையாட்டுப் பாதையாகும். தடகளப் போட்டியில் உள்ள தடை தாண்டும் ஓட்டம் வேறு, இது வேறு. அங்கே எல்லாத் தடைகளும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. முந்தியவர் வெற்றி பெறுவார். குழந்தைகளுக்கான தடைப்பாதையில் ஒவ்வொரு தடையும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அடுத்த தடையை எப்படிக் கடப்பது என்று குழந்தையே பார்த்து முடிவு செய்ய வேண்டும். மூன்று முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு உடலியக்கத் திறன்களைக் கற்பிக்க உலகின் பல நாடுகளில் இம்முறை பயன்படுகிறது.

இந்தக் கட்டுரை அப்பயிற்சியின் வரலாற்றை, வடசென்னையில் இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியை முன்வைத்துச் சொல்கிறது. இப்பகுதிப் பிள்ளைகளுக்குத் தடைகளுக்குக் குறைவில்லை. கடலோரக் கருங்கல் குவியல், மூடாத கால்வாய், தண்டவாளம், வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரி என்று எல்லாம் இருக்கின்றன. அவர்களின் உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்ற தடைகள்தாம் அரிதாகிவிட்டன. முன்பு அவற்றைக் கடற்கரையும் தெருவும் தந்தன. அவை சுருங்கிய பிறகு அந்தப் பொறுப்பு அங்கன்வாடிக்கும் தொடக்கப் பள்ளிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அடிப்படை இயக்கத் திறன்கள்

குழந்தையின் உடலியக்க வளர்ச்சி தலையிலிருந்து கால் நோக்கியும், உடலின் நடுவிலிருந்து கை கால் நுனிகளை நோக்கியும் செல்கிறது. முதலில் கழுத்து நிற்கிறது. பிறகு குழந்தை உட்கார்கிறது, தவழ்கிறது, நிற்கிறது, நடக்கிறது. பெரிய தசைகள் கட்டுப்பாட்டுக்கு வந்த பிறகே விரல்களின் நுண்ணிய வேலை கைகூடுகிறது. தோளும் முழங்கையும் உறுதிப்படாத குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்தால் எழுத்து கோணுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடற்கல்வியாளர்கள் அடிப்படை இயக்கத் திறன்களை மூன்றாகப் பிரிப்பர். முதலாவது இடம்பெயரும் திறன்: நடத்தல், ஓடுதல், தாவுதல், நொண்டுதல், ஏறுதல். இரண்டாவது சமநிலைத் திறன்: ஒற்றைக் காலில் நிற்றல், குறுகிய பலகைமேல் நடத்தல், திரும்புதல், உருளுதல். மூன்றாவது பொருளைக் கையாளும் திறன்: எறிதல், பிடித்தல், உதைத்தல், உருட்டுதல்.

வயது ஏறினால் மட்டும் இவை முழுமையாக வந்துவிடுவதில்லை. நடை தானாக வரும். குறி பார்த்து எறிவதும், ஒற்றைக் காலில் தாவித் தடுமாறாமல் நிற்பதும் பலமுறை செய்து பார்த்தால்தான் வரும். காதின் உட்புறத்தில் உள்ள சமநிலை உறுப்பும், தசைகளும் மூட்டுகளும் மூளைக்கு அனுப்பும் செய்தியும், கண் காண்பதும் ஒன்றுசேர வேண்டும். தடைப்பாதையில் குழந்தை ஒவ்வொரு சில அடிக்கும் தன் உடலை வேறு விதமாக நிறுத்த வேண்டியிருப்பதால் இந்த ஒருங்கிணைப்புக்கு ஓயாத பயிற்சி கிடைக்கிறது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 3 முதல் 4 வயதுக் குழந்தை நாளொன்றுக்கு 180 நிமிடங்களாவது உடலை அசைத்து இயங்க வேண்டும். அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு விரைவான இயக்கமாக இருக்க வேண்டும்.

பள்ளியிலிருந்து படைக்கும், படையிலிருந்து பள்ளிக்கும்

தடைப்பாதை என்றவுடன் பலருக்கும் ராணுவப் பயிற்சி நினைவுக்கு வரும். ஆனால் அதன் வேர்களில் ஒன்று பள்ளியில் இருக்கிறது. ஜெர்மனியில் ஷ்னெப்பென்தால் என்னும் ஊரின் பள்ளியில் ஆசிரியராக இருந்த குட்ஸ்மூத்ஸ், இளைஞர்களுக்கான உடற்பயிற்சி பற்றிய தம் நூலை 1793இல் வெளியிட்டார். ஏறுகம்பம், கயிறு, சமநிலை மரம், தாண்டும் பள்ளம் ஆகியவற்றைத் திறந்த வெளியில் வைத்து அவர் பயிற்சி அளித்தார். அவரைப் பின்பற்றி ஃபிரீட்ரிக் லுட்விக் யான், 1811இல் பெர்லின் நகரின் ஹாசன்ஹைடு பகுதியில் பொது உடற்பயிற்சித் திடலைத் திறந்தார். நெப்போலியனை எதிர்க்க இளைஞர்களைத் திரட்டும் நோக்கமும் அதில் இருந்ததால், பயிற்சி படையை நோக்கித் திரும்பியது.

அடுத்த பெரிய திருப்பம் பிரான்சில் ஏற்பட்டது. கடற்படை அதிகாரியான ஜார்ஜ் எபேர் (1875–1957) தம் பணியின்போது பல நாட்டு மக்களைக் கண்டவர். 1902 மே 8 அன்று மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்துச் சென் பியேர் நகரம் அழிந்தது. அப்போது மீட்புப் பணியில் ஈடுபட்ட அனுபவம் அவருடைய சிந்தனையை உருவாக்கியது என்பர். ஆபத்து நேரத்தில் உடல் பிறருக்கும் உதவ வேண்டும் என்பதே அவர் கொள்கை. நடை, ஓட்டம், தாவல், கையும் காலும் ஊன்றி நகர்தல், ஏறுதல், சமநிலை, எறிதல், தூக்குதல், தற்காப்பு, நீச்சல் என்று இயக்கங்களைப் பத்து வகையாகப் பிரித்தார். இவற்றை ஒரே பாதையில் கோத்துச் செய்ய வைக்கும் முறைக்கு ‘இயற்கை முறை’ என்று பெயரிட்டார். உலகின் பல படைகளில் இன்று காணப்படும் தடைப்பாதைகளில் இந்த முறையின் சாயல் உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த ஓட்டம் மறுபடி திரும்பியது. படைவீரர் பயிற்சியில் பயன்பட்ட வலை, கயிறு, ஏறுசட்டம் போன்றவை இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தன. அதுவரை அங்கே 1933ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தின்படி ஆசிரியர் கட்டளையிட, வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்தது. 1952, 1953ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்துக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட இரு கையேடுகள், குழந்தை தானே வழி கண்டுபிடித்து இயங்குவதற்கு முதன்மை தந்தன. கருவி படையிலிருந்து வந்தாலும் கட்டளை வரவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ரோமிலிருந்து அடையாறுக்கு

சின்னஞ்சிறு குழந்தைகளின் இயக்கத்தைத் தனிப் பாடமாக எண்ணிப் பார்த்தவர்களில் மரியா மாண்டிசோரி முக்கியமானவர். அவர் தம் முதல் ‘குழந்தைகள் இல்லத்தை’ 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோவில் தொடங்கினார். அது ரயில் பாதைக்கு அருகே, ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. இராயபுரத்தை அறிந்தவர்களுக்கு அந்தச் சூழலைக் கற்பனை செய்வது கடினமன்று.

தம் முறையை விளக்கி 1909இல் அவர் வெளியிட்ட நூலில் தசைப் பயிற்சிக்கென ஓர் அத்தியாயம் உண்டு. குழந்தைகள் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் நகரும் சிறு வேலி, கயிற்று ஏணி, சுற்றுப்படி, கோடு வரைந்த தாழ்வான குதிமேடை, காலால் சுவரை உந்தி ஆடும் ஊஞ்சல் ஆகியவற்றை அதில் விவரிக்கிறார். இவற்றில் சிலவற்றுக்கு அவர் எடுவார் செகன் என்ற பிரெஞ்சு மருத்துவருக்குக் கடன்பட்டவர். செகன் அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குக் கற்பித்தவர். இன்று ‘எல்லாக் குழந்தைகளுக்கும்’ என்று நாம் பேசும் பயிற்சியின் ஒரு பகுதி, மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக முதலில் உருவானது என்பது மறக்கக் கூடாத செய்தி.

பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்தார். அடையாறில் ஆசிரியர் பயிற்சி தொடங்கியது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு அவரை எதிரி நாட்டவராகக் கருதி நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. அவருடைய மகன் மரியோவைச் சில காலம் சிறைமுகாமில் வைத்தது. போர் முடியும்வரை அவர் இந்தியாவிலேயே, கொடைக்கானலிலும் சில ஆண்டுகள், தங்க நேர்ந்தது. அதனால் இந்திய ஆசிரியர்கள் பெருந்தொகையில் அவரிடம் நேரடியாகப் பயின்றனர்.

அவருடைய வகுப்புகளில் எளிமையானது ‘கோட்டின்மேல் நடத்தல்’. தரையில் நீள்வட்டமாக ஒரு கோடு. ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் நுனியைத் தொடும்படி குழந்தை நடக்கும். பழகிய பிறகு கையில் தண்ணீர் நிரம்பிய குவளையோ, ஒலிக்காமல் கொண்டுபோக வேண்டிய மணியோ கொடுக்கப்படும். இதற்கு விலை உயர்ந்த கருவி ஏதும் வேண்டாம், கோலமாவு போதும். ஆனால் மாண்டிசோரி முறை தமிழகத்தில் பெரும்பாலும் கட்டணம் செலுத்திப் படிக்கும் பள்ளிகளின் அடையாளமாக வளர்ந்தது. தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த முறை இங்குள்ள தொழிலாளர் குடியிருப்புக்குப் போய்ச் சேர நெடுங்காலம் ஆயிற்று.

சென்னையில் உடற்கல்வியும் தொடக்கப் பள்ளியும்

இந்தியாவில் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியின் தொடக்கமும் சென்னையில்தான் அமைந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்த ஹாரி குரோ பக் (1884–1943) 1919இல் சென்னைக்கு வந்து, ஒய்.எம்.சி.ஏ. சார்பில் 1920இல் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் சைதாப்பேட்டையில் அடையாற்றின் கரையில் அது கல்லூரியாக வளர்ந்தது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அறியப்படுகிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட இந்திய அணியை உருவாக்கியதிலும் பக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

அங்கே பயின்றவர்கள் தென்னிந்தியாவின் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்றனர். தமிழில் ‘டிரில் மாஸ்டர்’, ‘பி.டி. மாஸ்டர்’ என்ற பெயர்கள் நிலைத்தன. விளையாட்டு, தடகளம், கூட்டு உடற்பயிற்சி ஆகியன ஒழுங்காகப் பள்ளிக்குள் வந்தது அவர்களால்தான். ஆயினும் அதன் பயன் பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டியவர்களுக்கே கிடைத்தது. ஐந்தாம் வகுப்பு வரை மட்டும் உள்ள பள்ளிகளில் உடற்கல்விக்கெனத் தனி ஆசிரியர் இருப்பது வழக்கமில்லை. வகுப்பாசிரியரே எல்லாப் பாடத்தோடும் விளையாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டு வேளைதான்.

வடசென்னைக்கு இதற்கு அப்பாலும் ஒரு மரபு உண்டு. சிலம்பக் களங்கள், குத்துச்சண்டைப் பரம்பரைகள், வியாசர்பாடியின் கால்பந்து, தெருமுனைக் கேரம் சங்கங்கள் என இப்பகுதியின் உடற்பண்பாடு புகழ்பெற்றது. ஆனால் இவற்றின் வாசலும் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கே, அதிலும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே திறந்திருந்தது. சிறு குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் மிஞ்சியது வீட்டு வாசலும் கடற்கரையும்.

மணல் இருந்த காலம்

மென்மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையில் நடப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகும். கால் புதையும், சரியும்; ஒவ்வோர் அடியிலும் உடல் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். விழுந்தாலும் அடிபடாது. கரையில் ஏற்றி வைத்த கட்டுமரங்கள், சுருட்டிய கயிறு, உலரும் வலை, அலை அரித்த மேடு பள்ளம் எல்லாம் சேர்ந்தால், எவரும் திட்டமிடாத ஒரு தடைப்பாதை ஆகிவிடும். மீனவக் குப்பங்களில் பிறந்த குழந்தைகளின் முதல் உடற்பயிற்சிக்கூடம் அதுதான்.

அந்தக் கரை தேய்ந்ததற்குக் காரணம் தெளிவானது. சென்னைக் கடற்கரையில் ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. துறைமுகம் கட்ட 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் நீண்ட இரு கற்சுவர்கள் எழுந்தன. 1881 நவம்பர் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். அச்சுவர்கள் மணலின் வழியை மறித்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா ஆண்டுக்காண்டு அகன்றது. வடக்கே இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளுக்கு வரவேண்டிய மணல் வராமல் கடல் நிலத்தை அரித்தது. மெரினாவின் அகலமும் வடசென்னையின் கடலரிப்பும் ஒரே செயலின் இரு விளைவுகள். நகரத்தின் ஒரு பாதிக்குப் பெரும் விளையாட்டுத் திடல் கிடைத்த அதே காரணத்தால் மறுபாதி தன் திடலை இழந்தது.

அரிப்பைத் தடுக்கக் கரை நெடுகக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. பின்னர் ‘தூண்டில் வளைவு’ எனப்படும் கல் தடுப்புகள் கடலுக்குள் நீட்டப்பட்டன. சில இடங்களில் அவற்றுக்கிடையே மணல் மீண்டது. வீடுகளையும் சாலையையும் காக்க இவை தேவைப்பட்டன. ஆனால் குழந்தையின் கண்ணில் அந்தக் கல் குவியலும் ஏறி விளையாடும் இடந்தான். பாசி படிந்த கல் வழுக்கும், கற்களுக்கிடையே உள்ள சந்து ஆழமானது, கீழே அலை. பெரியவர்களின் தேவைக்காகப் போட்ட தடை குழந்தையின் காலுக்கு அளவெடுத்துப் போட்டதன்று.

நிலத்தின் பக்கமும் இடம் சுருங்கியது. 1856இல் இராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸும், 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலையும், அடுத்தடுத்து அனல்மின் நிலையமும் மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வந்தன. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. இவை பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. கூடவே லாரிப் போக்குவரத்தும், புகையும், சாலையைக் கடக்கும் அச்சமும் வந்தன. “வெளியே போகாதே” என்பது இப்பகுதித் தாய்மார்களின் அன்றாட எச்சரிக்கை ஆயிற்று. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

தெரு விளையாட்டுகள் கற்பித்தவை

கடற்கரைக்கு அடுத்தபடி தெரு இருந்தது. தமிழ்நாட்டின் மரபு விளையாட்டுகளைத் தடைப்பாதையின் கண்கொண்டு பார்த்தால் அவற்றுள் ஒரு பாடத்திட்டமே இருப்பது தெரியும். பாண்டியில் நொண்டலும், கட்டத்துக்குள் காலை நிறுத்தும் கட்டுப்பாடும், சில்லைக் குறிபார்த்து எறிவதும் ஒன்றாக வருகின்றன. கிளித்தட்டில் திடீரென நின்று திரும்பும் திறன் வேண்டும். ஏழு கல்லில் எறிதலும் அடுக்குதலும் ஓட்டமும் சேரும்.

பச்சைக்குதிரையில் உள்ள படிநிலை வியப்புக்குரியது. முதலில் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் தாண்டுவர். பிறகு காலின்மேல் கால், அதன்மேல் கை என உயரம் ஏறும். கடைசியில்தான் குனிந்து நிற்பவரின் முதுகில் கையூன்றித் தாண்டுவது. எளியதிலிருந்து கடினத்துக்குப் போக வேண்டும் என்று கல்வியியல் சொல்வதைப் பிள்ளைகள் எவரும் சொல்லாமலே கடைப்பிடித்தனர்.

சென்னைத் தெருக்களில் பெயர்பெற்ற ‘கல்லா மண்ணா’ இன்னும் நெருக்கமானது. பிடிப்பவர் மண்ணைத் தேர்ந்தால் மற்றவர்களுக்குக் கல் பாதுகாப்பு. திண்ணை, படிக்கட்டு, அம்மிக்கல், கால்வாய் மூடி என ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வேண்டும். எந்த இடைவெளியைத் தன்னால் தாண்ட முடியும் என்று ஒவ்வொரு பிள்ளையும் தானே கணக்கிடும். தடைப்பாதைப் பயிற்சியின் உயிர் இந்தக் கணக்கிடுதல்தான். திண்ணைகள் இடிக்கப்பட்டு, வாசல்களில் இருசக்கர வண்டிகள் நிறைந்தபோது விளையாட்டு மறக்கப்படவில்லை. அது நடக்கும் இடம் இல்லாமற் போயிற்று.

அங்கன்வாடியின் வருகை

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, நலக்கல்வி ஆகியவற்றோடு முன்பருவக் கல்வியும் அதன் பணிகளில் ஒன்று. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் பால்வாடிக் குழந்தைகளையும் உள்ளடக்கியது. ஆலைக்கும் மீன் ஏலத்துக்கும் கட்டட வேலைக்கும் போகும் தாய்மார்கள் நிறைந்த வடசென்னையில், பிள்ளையை நம்பி விட்டுச் செல்லும் இடமாக இம்மையங்கள் ஆயின.

முதல் கவலை பசியாக இருந்தது. அது சரியும்கூட. உணவில்லாத உடலுக்குப் பயிற்சி தருவதில் பொருளில்லை. எடை பார்ப்பதும் உணவு தருவதும் ஒழுங்குக்கு வந்த பின்னரே, உண்ட உடல் எப்படி வளர்கிறது என்ற கேள்விக்கு இடம் கிடைத்தது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென உருவான ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்னும் பாடத்திட்டம் உடல் வளர்ச்சியையும் கற்றலின் ஒரு கூறாகக் கொண்டது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2022இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டுவழிக் கற்றலை வலியுறுத்துகிறது.

ஏட்டில் உள்ள இந்த நோக்கம் தரையில் இறங்க இடம் வேண்டும். அங்கன்வாடிக் கட்டடம் 600 சதுர அடிக்குக் குறையாமல், விளையாட இடத்தோடு இருக்க வேண்டும் என்பது அரசின் விதிமுறை. நெருக்கமான நகர்ப்பகுதியில் ஒற்றை அறையில், வாடகைக் கட்டடத்தில் இயங்கும் மையங்களுக்கு அது எட்டாத அளவு. இங்கேதான் தடைப்பாதையின் பயன் தெரிகிறது. ஓட்டப் பந்தயத்துக்கு மைதானம் வேண்டும். தடைப்பாதைக்கு ஓர் அறையின் நீளமும் சுவரோரமும் போதும்.

பாதை அமைக்கும் முறை

மூன்று வயதுக் குழந்தை மாற்றுக் கால் வைத்துப் படியேறத் தொடங்கும். இரு காலும் சேர்த்துத் தாவும். நான்கு வயதையொட்டி ஒற்றைக் காலில் சில முறை நொண்டும். ஐந்து, ஆறு வயதில் தத்தித் தாவி ஓடும். குழந்தைக்குக் குழந்தை சில மாதங்கள் முன்பின் ஆகும். இதை மனத்தில் கொண்டு ஐந்து அல்லது ஆறு நிலைகள் உள்ள பாதை அமைக்கலாம்.

தொடக்கத்தில் கோலமாவால் போட்ட வளைகோடு, அதன்மேல் நடை. அடுத்து, தரையில் படுக்கவைத்த பழைய டயர்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கால் மாற்றி வைத்தல். மூன்றாவது, இரு நாற்காலிகளுக்கு இடையே குழந்தையின் மார்பு உயரத்தில் கட்டிய கயிறு அல்லது புடவை. அதன்கீழ் குனிந்தோ தவழ்ந்தோ நுழைதல். நான்காவது, தாழ்ந்த பெஞ்ச்; ஏறி, நடந்து, இறங்குதல். ஐந்தாவது, சாக்பீசால் வரைந்த இரு கோடுகள், ஒரு பக்கம் குறுகியும் மறுபக்கம் அகன்றும். குழந்தை தனக்கு இயன்ற இடத்தில் தாண்டும். கடைசியில் துணிப்பந்தைக் கூடையில் எறிதல். இவ்வாறு மூன்று வகைத் திறன்களும் ஒரே சுற்றில் வந்துவிடும்.

சில நெறிகள் அனுபவத்தில் உறுதிப்பட்டவை. வரிசையில் நெடுநேரம் நிற்கும் குழந்தை இயங்கவில்லை; எனவே நான்கைந்து பேராக வெவ்வேறு நிலைகளில் தொடங்க வைக்க வேண்டும். கடிகாரம் பார்த்து வேகத்தை அளக்கக் கூடாது. வேகம் வந்தால் கவனம் போகும். ஏறத் தயங்கும் குழந்தையைத் தூக்கி மேலே வைக்கக் கூடாது. தானாக ஏறிய உயரத்திலிருந்து இறங்கத் தெரியும், பிறர் வைத்த உயரத்திலிருந்து தெரியாது. வாரம் ஒருமுறையாவது தடைகளின் வரிசையை மாற்ற வேண்டும். வெறுங்கால் நல்லது, ஆனால் தரையில் ஆணியும் கண்ணாடித் துண்டும் இல்லை என்று பார்த்த பிறகே. டயரில் கம்பி துருத்தக் கூடாது, மழைநீர் தேங்கக் கூடாது. தேங்கினால் கொசு பெருகும். கோடையில் காலை பத்து மணிக்கு முன் முடித்துவிட வேண்டும்.

நடக்க இயலாத குழந்தைக்கும் அதே பாதையில் இடம் உண்டு. பெஞ்சின்மேல் ஏறுவதற்குப் பதில் அதன் ஓரத்தைப் பிடித்து நகரலாம். கயிற்றுக்குக் கீழ் உருண்டு போகலாம். எறிவது எல்லாருக்கும் பொது. கூச்சலும் கூட்டமும் அச்சமூட்டும் குழந்தைக்கு மற்றவர்கள் போன பிறகு தனியாக ஒரு சுற்று தரலாம்.

மாற்றுக் கருத்துகளும் வரம்புகளும்

தடைப்பாதைக்கு எதிரான கருத்துகளும் உண்டு. பெரியவர் வகுத்த பாதையில் ஒரே திசையில் போவது உண்மையான விளையாட்டு ஆகாது என்பது ஒன்று. டென்மார்க்கின் எம்துரூப் பகுதியில் 1943இல் தோன்றிய ‘பழம்பொருள் விளையாட்டுத் திடல்’ இந்த எண்ணத்தின் வெளிப்பாடு; அங்கே பலகையும் செங்கல்லும் கொடுக்கப்பட்டன, என்ன செய்வது என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்தனர். இக்கருத்தில் உண்மை உண்டு. சில வாரங்கள் பழகிய பின் அடுத்த பாதையைக் குழந்தைகளையே அமைக்கச் சொல்வது இதற்கு நல்ல விடை.

விழுந்தால் யார் பொறுப்பு என்ற அச்சம் மற்றொன்று. ஒற்றைப் பணியாளரும் ஓர் உதவியாளரும் சமையலையும் பதிவேடுகளையும் பார்த்துக்கொண்டு இருபது குழந்தைகளைக் காக்கும் மையத்தில் இந்த அச்சம் இயல்பானது. தடையின் உயரம் குழந்தையின் முழங்காலைத் தாண்டாதவாறு பார்த்துக்கொண்டால் ஆபத்து பெரிதும் குறையும். ஆள் பற்றாக்குறையை எந்தப் பயிற்சி முறையும் ஈடுசெய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது எதிர்ப்பு பெற்றோரிடமிருந்து வருகிறது. எழுத்து கற்கத்தானே அனுப்பினோம், குதிக்க ஏன் கற்றுத்தர வேண்டும் என்பார்கள். தாம் படிக்க முடியாமற் போனதை எண்ணிப் பிள்ளையின் படிப்பையே நம்பியிருக்கும் குடும்பங்களின் கேள்வி அது. அலட்சியம் செய்யக் கூடாது. ‘மேலே, கீழே, உள்ளே, வெளியே, நடுவே’ என்னும் சொற்களைக் குழந்தை முதலில் உடலால்தான் அறிகிறது என்பதையும், தோளும் மணிக்கட்டும் உறுதிப்பட்டால் எழுத்தும் திருந்தும் என்பதையும் அவர்களை நேரில் வரவழைத்துக் காட்டலாம். விளையாட்டையும் படிப்பையும் ஒரே நாளுக்குள் வைத்த பாரதியின் பாப்பா பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராத வீடு இங்கே குறைவு.

இன்றைய நிலை

திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. அதன்பின் மாநகராட்சிப் பூங்காக்களும் விளையாட்டுக் கருவிகளும் இப்பகுதிகளுக்கும் வந்திருக்கின்றன. ஊஞ்சலும் சறுக்குமரமும் வரவேற்கத் தக்கவை. எனினும் அவற்றில் இயக்கம் ஒன்றுதான். குழந்தை அதைப் பலமுறை செய்யும். வெவ்வேறு இயக்கங்களை அடுத்தடுத்துச் செய்யும் வாய்ப்பு தாழ்ந்த மேடைகள், சரிவு, மணற்குழி, கட்டைகள் கொண்ட பாதையால் கிடைக்கும். இதற்குச் செலவும் குறைவு. பூங்கா அமைக்கும்போது இடத்தின் ஒரு மூலையை ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கென ஒதுக்கி, ஒரு சுமை கடல்மணலுக்குப் பதில் கழுவிய ஆற்றுமணலைக் கொட்டினாலே நல்ல தொடக்கம்.

குட்ஸ்மூத்ஸ் முதல் மாண்டிசோரி வரை பலர் கருவிகளை வடிவமைத்தனர். இராயபுரத்துப் பிள்ளைகள் கட்டுமரத்திலும் திண்ணையிலும் அவை இல்லாமலே கற்றனர். இன்று அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கு மணலும் இல்லை, திண்ணையும் இல்லை. வாசலில் லாரி நிற்கிறது. ஐந்து டயர், ஒரு பெஞ்ச், ஒரு கயிறு, நாள்தோறும் அரை மணி நேரம்: இவ்வளவையும் ஓர் அங்கன்வாடியால் தர முடியும். அதைத் தர ஒரு பணியாளருக்குப் பயிற்சியும், உடன் ஓர் ஆளும், கூரைக்கு வெளியே கொஞ்சம் தரையும் வேண்டும். இம்மூன்றும் கிடைக்கச் செய்வது அரசின், மாநகராட்சியின் கடமை.